வீட்டுப் பெண்ணுக்குச் சம்பளம் கிடையாது

போன வருடம் அட்டை நீலம். இந்த வருடம் பச்சை. உள்ளே பயிற்சிக் கணக்குகளின் வரிசையைக் கலைத்துப் போட்டிருந்தார்கள். மூன்றாவது கணக்கு ஏழாவதாகியிருந்தது, ஏழாவது பத்தொன்பதாகியிருந்தது. பட்ஜெட்டில் மாறியிருந்த நாலைந்து விகிதங்களை ஒரே ஒரு தாளில் அடித்துக் கொடுத்திருந்தால் பழைய புத்தகமே போதும். ஆனால் இதற்குப் பெயர் புதிய பதிப்பு, விலை தொண்ணூறு வெள்ளி. மலேசிய ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம். எழுதியவர் எங்களுக்கு வருமான வரிப் பாடம் நடத்திய விரிவுரையாளர். விற்றவரும் அவர்தான். வகுப்பு முடிந்ததும் தன் மேசைக்கு அடியிலிருந்து எடுத்து விற்பார், காய்கறிக்காரர் கத்தரிக்காய் எடுத்துக் கொடுப்பது மாதிரி.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. கோலாலம்பூரில் ஒரு கடைவீட்டின் இரண்டாவது மாடியில் இருந்த தனியார் கல்லூரியில் நான் கணக்காய்வாளர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கீழே டயர் கடை. பாடம் நடக்கும்போது ரப்பர் வாடை மேலே வரும். கல்லூரி என்று சொல்லும்போது ஊரில் எல்லாரும் மரங்களும் மைதானமும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

மாணவர்கள் புத்தகத்தைப் படி எடுத்துவிடுவார்கள் என்று விரிவுரையாளருக்குத் தெரியும். பிரிக்பீல்ட்ஸில் நான் தங்கியிருந்த அறைக்குக் கீழேயே ஒரு போட்டோஸ்டாட் கடை இருந்தது. முழுப் புத்தகத்தையும் பதினைந்து வெள்ளிக்குள் அடித்துத் தைத்துக் கொடுத்துவிடுவார்கள். அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். விற்கிற ஒவ்வொரு புத்தகத்திலும் முதல் பக்கத்தில் சிவப்பு முத்திரை குத்தி, வாங்கியவர் பெயரைத் தன் கையால் எழுதுவார். தீபாவளி விடுமுறை முடிந்து வியாழக்கிழமை வரும் முதல் வகுப்பில், எல்லாரும் புத்தகத்தைத் திறந்து வைத்திருக்க வேண்டும், அவர் மேசை மேசையாக வந்து பார்ப்பார்.

"புக் இல்லாதவங்க வெளியதான் நிக்கணும். அட்டன்டன்ஸ் கெடையாது. அட்டன்டன்ஸ் இல்லாதவங்களுக்குப் பரீட்சை பாரத்துல காலேஜ் கையெழுத்துப் போடாது. நான் சொல்லலன்னு அப்புறம் யாரும் அழக்கூடாது லா," என்றார்.

டிசம்பரில் பரீட்சை. அதை விட்டால் அடுத்து ஜூன். ஜூன் வரை அறை வாடகை கொடுத்துத் தாக்குப்பிடிக்க என்னால் முடியாது. ஆக, எனக்கு அந்தப் பச்சைப் புத்தகம் வேண்டும். என் படிப்பு தொடர்வதும் நிற்பதும் அந்த முத்திரையில் இருந்தது. அந்த மனிதரை அன்று நான் எவ்வளவு வெறுத்தேனோ அதில் இன்றும் ஒரு துளி குறையவில்லை.

வீட்டில் கேட்க முடியாது. அப்பா கேரி தீவுத் தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டுகிறவர். கல்லூரிக் கட்டணத்துக்கே அம்மாவின் சங்கிலி போயிருந்தது. சங்கிலி இருந்த இடத்தில் அம்மா மஞ்சள் கயிறு போட்டுக்கொண்டு, "இதுதான் கழுத்துக்கு லேசா இருக்கு," என்று சொன்ன நாளிலிருந்து அந்த வீட்டில் நான் காசு என்ற பேச்சை எடுப்பதில்லை.

வேலை தேடினேன். பொருளாதாரம் படுத்துக்கிடந்த காலம் அது. வேலையில் இருந்தவர்களையே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். டைப்பிங் தெரியுமா என்று கேட்ட இடத்தில் தெரியும் என்றால், சீனம் பேசத் தெரியுமா என்றார்கள். பங்சார் பக்கம் பெரிய வீட்டில் டியூசன் சொல்லிக்கொடுக்கப் போனேன். என் ஆங்கிலத்தை இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு அந்த வீட்டம்மா, "தோட்டத்துப் புள்ளையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார். சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவ ஆள் வேண்டும் என்றார்கள், ஆனால் வகுப்பு நேரத்தில்தான் வேண்டும் என்றார்கள். பகலில் படிக்கிற, தமிழும் மலாயும் மட்டும் ஒழுங்காகப் பேசுகிற, யாரையும் தெரியாத ஒரு பெண்ணுக்கு அந்தப் பட்டணத்தில் வேலை இல்லை.

கடைசியில் அப்பாதான் வழி சொன்னார். கிள்ளானில் ஒரு ஜவுளிக்கடை. எங்கள் தோட்டத்தில் பாதிப் பேர் அங்கேதான் துணி எடுப்பார்கள். கையில் காசு வேண்டாம். தீபாவளிக்கு எடுத்துவிட்டு மாதா மாதம் கொடுக்கலாம். சம்பள நாளில் கடையின் வசூல்காரர் மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்கே வந்துவிடுவார். நான் பிறந்ததிலிருந்து உடுத்திய எல்லாத் தீபாவளித் துணியும் அந்தக் கடைத் துணிதான். முதலாளிக்கு அப்பாவைப் பெயர் சொல்லித் தெரியும். அப்பாவுக்கு அது பெரிய பெருமை.

"முதலாளிகிட்ட சொல்லிட்டேன். தீவாளி வரைக்கும் சனி, ஞாயிறு வரச் சொல்லிருக்காரு. கடைசி வாரம் முழுசா நிக்கணும்," என்றார் அப்பா.

"சம்பளம் எவ்வளவுப்பா?"

அப்பாவின் முகம் சட்டென்று மாறியது. "அதெல்லாம் கேக்காத. நல்ல மனுசன். அவரா பாத்துக் குடுப்பாரு. கேட்டா நமக்குத்தான் அசிங்கம்."

எங்கள் ஆட்களைப் பிடித்த பீடை இது. சீனன் கடையில் வேலைக்குப் போனால் வாசலிலேயே நாள் சம்பளம் பேசுவோம். தெரியாதவனிடம் பத்துக் காசுக்கு மல்லுக்கு நிற்போம். நம்மை மகளே என்று ஒருவர் கூப்பிட்டுவிட்டால் போதும், வாயைத் தைத்துக்கொள்வோம். சம்பளத்தைக் கேட்டால் உறவு கெட்டுவிடுமாம். கொடுக்காமல் விட்டால் மட்டும் உறவு கெடாதாம். கணக்காய்வு படிக்கிற நானும் கேட்காமல்தான் போய் நின்றேன்.

முதலாளி கல்லாவில் உட்கார்ந்தபடியே, "வா மகளே வா! இது உன் கட, உன் வீடு," என்றார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி என் கன்னத்தைத் தொட்டு, "நம்ம வீட்டுப் பொண்ணு," என்றார். எனக்கு உள்ளூரச் சந்தோசமாகத்தான் இருந்தது. சொன்னால் வெட்கம்.

சனிக்கிழமை காலையில் கோலாலம்பூரில் கிள்ளான் பஸ் ஏறினால் கடைக்கு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வந்து இறங்கினதிலிருந்து நிற்பதுதான். ஜவுளிக்கடை வேலை விற்பதில்லை, மடிப்பது. ஒரு அம்மா வந்து நாற்பது சேலையைப் பிரிக்கச் சொல்வார், முந்தானையை வெளிச்சத்தில் பிடிக்கச் சொல்வார், தோளில் போட்டுக் காட்டச் சொல்வார், பிறகு "போய்ட்டு வரேன்" என்று போய்விடுவார். அத்தனையும் பழைய மடிப்பிலேயே திரும்ப மடிய வேண்டும். மடிப்பு மாறினால் முதலாளியம்மாவுக்குத் தெரிந்துவிடும். சாயங்காலம் ஆனால் என் விரல் நுனிகளில் ஜரிகை கீறிய கோடுகள் இருக்கும். உட்கார நாற்காலி கிடையாது. வாடிக்கையாளருக்குத்தான் நாற்காலி.

கடையில் பல வருடமாக இருந்த ஒரு அக்காவிடம்தான் விலை விஷயம் கற்றுக்கொண்டேன். சேலையில் ஒட்டியிருப்பது ஒரு விலை. நாங்கள் இறங்கலாம் என்று முதலாளி சொல்லிவைத்திருப்பது இன்னொரு விலை. நூற்று எண்பது ஒட்டியிருந்தால் நூற்றுப் பத்து வரை இறங்கலாம், ஆனால் ஒரே தடவையில் இறங்கக் கூடாது. முதலில் நூற்று அறுபது, அப்புறம் முதலாளியைத் திரும்பிப் பார்க்க வேண்டும், அவர் வேண்டா வெறுப்பாகத் தலையாட்டுவார், பிறகு நூற்று நாற்பது. அந்தத் தலையாட்டலை அவர் தினமும் நூறு முறை செய்வார். ஒரு முறைகூட அலுப்பில்லாமல் செய்தார். வாங்கியவர்கள் ஜெயித்த முகத்தோடு போவார்கள்.

அந்த அக்காவிடம் ஒரு நாள், "ஒங்களுக்கு மாசம் எவ்ளோக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கா? சாப்பாடு, தங்க எடம் எல்லாம் இங்கதான். செலவுக்குக் கேட்டா குடுப்பாங்க. கல்யாணத்துக்கு நகை போட்டு அனுப்புறேன்னு சொல்லியிருக்காரு," என்றார். அக்காவுக்கு அப்போதே முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும். அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

எனக்குப் புரியவில்லை. நான் என் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். எவ்வளவு கஞ்சத்தனமாகப் பார்த்தாலும் இருநூறு வெள்ளி வரும். அதில் தொண்ணூறு வெள்ளி புத்தகத்துக்கு. மீதியில் ஒரு மாத வாடகை, அம்மாவுக்கு ஏதாவது.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முதலாளி எல்லாரையும் கூப்பிட்டார். லோரியிலிருந்து மூட்டை இறக்கும் ஆண்களுக்கு ஆளுக்கொரு உறை கொடுத்தார். அவர்கள் வாங்கிப் பிரித்து எண்ணிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்தார்கள். பிறகு என்னை முன்னால் வரச் சொன்னார். முதலாளியம்மா ஒரு தாம்பாளத்தோடு வந்தார். வெற்றிலை, வாழைப்பழம், குங்குமம், மேலே அரக்கு நிறத்தில் ஒரு பட்டுச் சேலை. நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டுத் தாம்பாளத்தை என் கையில் கொடுத்தார். கடையில் இருந்த வாடிக்கையாளர்கள் எல்லாம் பார்த்தார்கள். ஒரு பாட்டியம்மா, "முதலாளிக்கு என்னா மனசு," என்றார்.

நான் சேலையைத் தூக்கி அடியில் பார்த்தேன். உறை இல்லை. வெற்றிலையை நகர்த்திப் பார்த்தேன். இல்லை.

"முதலாளி, சம்பளம்?" என்றேன்.

மூட்டை இறக்குகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி முதலில் புரியாதவர் போலப் பார்த்தார், பிறகு வாய் நிறையச் சிரித்தார்.

"சம்பளம் வேலக்காரங்களுக்கு மகளே. பெத்த பொண்ணுக்கு யாராச்சும் சம்பளம் குடுப்பாங்களா? சீலய பாரு, நூத்து எம்பது வெள்ளி. கடையிலயே நல்ல சீல."

"எனக்குப் புத்தகம் வாங்கணுங்க. வியாழக்கெழமைக்குள்ள தொண்ணூறு வெள்ளி வேணும். இல்லன்னா பரீட்சை எழுத விடமாட்டாங்க."

"புத்தகமா? தீவாளி முடியட்டும். சாவகாசமா ஒரு நாளு வா, பாப்போம்."

முதலாளியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தாம்பாளத்துல வச்சுக் குடுத்தா காசு கேக்குற! ஒங்கப்பா எப்பேர்ப்பட்ட மனுசன், ஒரு நாளு ஒரு வார்த்தை கேட்டிருப்பாரா?"

மூட்டை தூக்குகிறவரைப் பார்த்து நான் பொறாமைப்பட்டது வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான். அவருக்குச் சட்டைப் பை கனமாக இருந்தது. அவரை யாரும் மகனே என்று கூப்பிடவில்லை. அந்த அக்கா என் முழங்கையைப் பிடித்து, "சத்தம் போடாத, வாங்கிக்க, எல்லாரும் பாக்குறாங்க," என்று காதில் சொன்னார். எனக்குக் கண்ணீர் வந்தது. அதை எல்லாரும் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துவிடுவார்களே என்றுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. அன்று சாயங்காலம் வரை நின்று சேலை மடித்துவிட்டுத்தான் போனேன். ஏன் நின்றேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அறைக்குப் போய்ச் சேலையைப் பிரித்துப் பார்த்தேன். விலைச் சீட்டை எடுக்காமலே வைத்திருந்தார்கள், எவ்வளவு கொடுத்தோம் என்று எனக்குத் தெரியட்டும் என்று. நூற்று எண்பது. ஆனால் அந்தச் சேலையின் இறங்கு விலை நூற்றுப் பத்து என்று எனக்குத் தெரியும். நானே அதே ரகத்தில் மூன்று விற்றிருந்தேன். என்னுடன் தங்கியிருந்த பெண்கள் அதைத் தடவிப் பார்த்து, "கட்டிக்க லா, அழகா இருக்கு," என்றார்கள். சேலையைக் கட்டிக்கொண்டு போய் விரிவுரையாளர் முன் நின்றால் முத்திரை குத்துவாரா?

மறுநாள் ஞாயிறு. தீபாவளிக்கு முதல் நாள். கிள்ளானுக்குப் போனேன், ஆனால் கடைக்குள் போகவில்லை. கடைகளுக்கு முன்னால் கூரைக்குக் கீழே ஓடுகிற அஞ்சடி நடைபாதையில், கடை வாசலுக்கு நேரே இருந்த தூணருகில் நின்றேன். ஒரு பக்கம் முறுக்கு விற்றார்கள், மறுபக்கம் பூ. சேலையைப் பிரித்து முந்தானை தெரியத் தோளில் போட்டுக்கொண்டேன். அப்படிப் போட்டுக் காட்டத்தானே கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

முதலில் வாய் வரவில்லை. காலேஜ் பெண், அஞ்சடியில் நின்று கூவுவதா என்று எனக்குள்ளேயே ஒரு குரல். அந்தக் குரல் அப்பாவின் குரலாகவே இருந்தது. அதைக் கேட்டதும் எனக்கு வெறி வந்துவிட்டது.

"அக்கா, பாருங்கக்கா! உள்ள நூத்து எம்பது வெள்ளி. என்கிட்ட தொண்ணூத்தஞ்சு. ஒரே சீலைதான்!"

பந்திங் பக்கத் தோட்டத்திலிருந்து இரண்டு மகள்களோடு வந்திருந்த ஒரு அம்மா நின்றார். சேலையைப் பிடித்துப் பார்த்தார், என்னையும் மேலும் கீழும் பார்த்தார்.

"திருட்டுச் சாமானா?"

"இல்லம்மா. கடைக்காரரே தாம்பாளத்துல வச்சுக் குடுத்தது. நேத்து இங்க நூறு பேரு பாத்தாங்க. வேணும்னா உள்ள போய்க் கேட்டுட்டு வாங்க."

"அப்புறம் ஏன் விக்கிற?"

"சம்பளத்துக்குப் பதிலா குடுத்தாங்க. எனக்குக் காசுதான் வேணும்."

அந்த அம்மா கடைக்குள் போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அவர் சத்தம் கேட்டது. "வெளிய அந்தப் பொண்ணு தொண்ணூத்தஞ்சுக்குக் குடுக்குது, நீங்க என்னா நூத்து நாப்பதுங்கிறீங்க?" அடுத்து இன்னொரு குரல், "அதே சீலையா? எங்க?" நாலைந்து பெண்கள் வெளியே எட்டிப் பார்த்தார்கள். நான் முந்தானையை நன்றாக விரித்துப் பிடித்தேன். அவர்களும் உள்ளே திரும்பிப் போய்ப் பேரம் பேசினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை முதலாளியின் தலையாட்டல் பலிக்கவில்லை. எத்தனை சேலையை அவர் இறங்கி விற்க நேர்ந்ததோ எனக்குத் தெரியாது. நிறைய இருந்திருக்க வேண்டும் என்று அன்றும் ஆசைப்பட்டேன், இன்றும் ஆசைப்படுகிறேன்.

பந்திங் அம்மா திரும்பி வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தொண்ணூற்றைந்து வெள்ளியைக் கொடுத்தார். பேரம் பேசவில்லை. "நல்லா படி," என்று மட்டும் சொன்னார்.

பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தால் முதலாளி வாசலில் நின்றுகொண்டிருந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தட்டும், நானும் கத்தலாம் என்று காத்திருந்தேன். வாய்க்குள் எல்லா வார்த்தையும் தயாராக இருந்தது.

"வித்துட்டியா மகளே?" என்றார், சிரித்துக்கொண்டே. "எவ்ளோக்கு?"

"தொண்ணூத்தஞ்சு."

"சரி சரி. நல்லா வியாபாரம் பண்ற." அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். தீபாவளிக்கு வீட்டுக்குப் போகவில்லை, படிப்பு இருக்கிறது என்று தோட்டத்து ஆபீசுக்குப் போன் போட்டுச் சொல்லச் சொன்னேன். வியாழக்கிழமை விரிவுரையாளரிடம் பணத்தை நீட்டினேன். மேசைக்கு அடியிலிருந்து பச்சைப் புத்தகத்தை எடுத்தார், முத்திரையை ஊதிக் குத்தினார், என் பெயரை எழுத்துப் பிழையோடு எழுதினார். "கடைசி நேரத்துல வர்றதே நம்ம ஆளுங்களுக்கு வேலையாப் போச்சு," என்றார். மீதி ஐந்து வெள்ளியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சில்லறை இல்லை என்றுதான் முதலில் சொன்னார். நான் நகரவில்லை.

டிசம்பரில் பரீட்சை எழுதினேன். பிப்ரவரியில் முடிவு வந்தது. வரிப் பாடத்தில் எங்கள் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்கு. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை கேரி தீவுக்குப் போனேன். அன்று தோட்டத்தில் சம்பள நாள். அம்மா தாளை வாங்கிச் சாமிப் படத்தின் முன் வைத்துவிட்டுக் கோழி வாங்க ஆள் அனுப்பினார். அப்பா வாசலில் உட்கார்ந்து, வேலைக்குப் போட்டுப்போகும் ரப்பர் சப்பாத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவின சப்பாத்தையே திரும்பத் திரும்பக் கழுவினார். அது அவர் சந்தோசப்படுகிற விதம்.

ஜவுளிக்கடை வசூல்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார். அப்பா உள்ளே போய்ப் பணம் எடுத்துவந்து கொடுத்தார். வசூல்காரர் எண்ணிப் பார்த்துவிட்டு, "தீவாளித் துணி பாக்கி சித்திரை வரைக்கும் இருக்குண்ணே. அந்தப் பட்டுச் சீல கணக்கு அடுத்த மாசத்தோட முடிஞ்சிரும்," என்றார்.

நான் அடுப்படியிலிருந்து அம்மாவைப் பார்த்தேன். பழைய வாயில் சேலை, கழுத்தில் மஞ்சள் கயிறு. இந்த வீட்டில் யாருக்குப் பட்டுச் சேலை?

வெளியே ஓடினேன். "எந்தச் சீலண்ணே?"

"அரக்குக் கலரு. நூத்து எம்பது." அவர் என்னை யாரென்று சரியாகக் கவனிக்கவில்லை. "முதலாளி எழுதிக் குடுத்தாரு, நான் வசூல் பண்றேன். எனக்கு என்னா தெரியும் தங்கச்சி?" வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அம்மாதான் சொன்னார். நான் பஸ் ஏறிப் போன அதே ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் அப்பா என் தம்பிகளுக்குச் சட்டை எடுக்கக் கடைக்குப் போயிருக்கிறார். வாடிக்கையாளர்கள் முன்னிலையிலேயே முதலாளி சொல்லியிருக்கிறார்: ஒன் மகளுக்கு மரியாதையாக் குடுத்தேன், அவ அஞ்சடியில நின்னு வித்துட்டா, மரியாதை வேணாம்னா அது யாவாரம்தான், ஒன் கணக்குல எழுதிக்கிறேன். அப்பா, சரிங்க முதலாளி என்றிருக்கிறார். ஒட்டியிருந்த விலையில். ஒரு வெள்ளி இறங்கவில்லை. எல்லாருக்கும் தலையாட்டுகிற மனிதர் என் அப்பாவுக்கு அதைக்கூடச் செய்யவில்லை.

வாரா வாரம் பஸ் ஏறிப் போய் அந்தக் கடையில் நின்றேன். விரல் கிழிய மடித்தேன். அந்த வேலைக்கு எனக்குச் சம்பளம் கொடுத்தது என் அப்பா.

நான் கத்தினேன். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எல்லா வீட்டுக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். இப்போதே கிள்ளானுக்குப் போகிறேன், கல்லாவில் கை விட்டு என் காசை எடுக்கிறேன், போலீசுக்குப் போகிறேன் என்றேன். பிறகு முதலாளியை விட்டுவிட்டு அப்பாவிடம் திரும்பினேன். ஏன் சரி என்றீர்கள், ஏன் என்னிடம் சொல்லவில்லை, அவன் திருடன் என்று உங்களுக்குத் தெரியவில்லையா என்று கேட்டேன். அப்பா சப்பாத்துகளைச் சுவரோரம் கவிழ்த்து வைத்தார்.

"சும்மாக் குடுத்தத நீ வித்துட்ட. வித்தா அது சரக்கு. சரக்குன்னா யாராச்சும் காசு குடுக்கணும்ல?"

"எனக்குச் சம்பளம்? எட்டு வாரம் நின்னேனே, அது?"

"அத நீ பேசல," என்றார் அப்பா. "நானும்தான் பேசல."

அம்மா கோழிக் குழம்பு வைத்தார். நான் தட்டில் கை வைக்கவில்லை. அப்பா சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, சாமிப் படத்துக்கு முன்னால் இருந்த என் பரீட்சைத் தாளை எடுத்து, தனக்குப் படிக்கத் தெரியாத அந்த ஆங்கில எழுத்துகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். "இதுல எது வரிப் பாடம்?" என்று கேட்டார். ஆத்திரத்தில் நான் காட்டாமல் இருந்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.